இளம் தொழில்முனைவோர் நாட்குறிப்பேடு: பதினைந்து மாதம் எழுதிப் பார்த்த பின்

“இளம் தொழில்முனைவோருக்காகவே வடிவமைக்கப்பட்டது” என்று மேலட்டையில் பொறித்து விற்கப்படும் நாட்குறிப்பேடுகளில் ஒன்றை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எழுதி முடித்திருக்கிறேன். இவ்வகை ஏடுகளைப் பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே அமைப்பில் வெளியிடுகின்றன; நான் சொல்லப்போகும் குறைகளும் நிறைகளும் பெரும்பாலும் அந்த அமைப்பையே சேர்ந்தவை. ஆகவே தயாரித்தவர் பெயரை விட்டுவிடுகிறேன். வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகள் அட்டையின் வழவழப்பையும் புதுத் தாளின் வாசனையையும் தாண்டிப் போவதில்லை. நாட்குறிப்பேட்டின் குணம் அதன் 200-ஆம் பக்கத்துக்கு மேல்தான் தெரியத் தொடங்குகிறது.

நானும் ஒரு நண்பரும் சேர்ந்து, சிறு உற்பத்தியாளர்களுக்கு லேபிளும் பெட்டியும் வடிவமைத்துத் தரும் தொழிலை நடத்துகிறோம். இருவர் மட்டுமே உள்ள தொழிலில் வடிவமைப்பவர், கணக்கு எழுதுபவர், பாக்கி வசூலிப்பவர், தொலைபேசியை எடுப்பவர், மேசையைத் துடைப்பவர் எல்லாரும் அதே இருவர்தாம். நாள் முழுவதும் ஓடியாடிவிட்டு, மாலையில் இன்று என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் பதில் வராமல் விழிப்பது எனக்கு இரண்டு ஆண்டுகளாக வழக்கமாகியிருந்தது. மேலதிகாரி இல்லாத சுகத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் உண்டு. நேற்றுச் சொன்ன வேலை என்னவாயிற்று என்று கேட்க ஆளில்லாததன் ஆபத்தைத் தொழில் தொடங்கும் முன் எவரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் பொருளாக இருக்கட்டும் என்றுதான் இந்த ஏட்டை வாங்கினேன்.

முதலில் உடம்பைப் பற்றி. ஏடு ஏ5 அளவு, அதாவது 148-க்கு 210 மில்லிமீட்டர். தாள் அளவுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 216-இன்படி அமைந்த தாளை எத்தனை முறை பாதியாக மடித்தாலும் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் மாறாது. அதனால் ஏ4 தாளில் அச்சிட்ட ஒப்பந்தத்தையோ விலைப்புள்ளியையோ ஒருமுறை மடித்து உள்ளே வைத்தால் ஓரம் பிதுங்காமல் அமர்ந்துகொள்கிறது. பார்வைக்கு வித்தியாசமாக இருக்க வேண்டும் என்று சதுரமாக வெட்டப்பட்ட ஏடுகளில் இந்த வசதி கிடையாது. மொத்தம் 400 பக்கங்கள், 200 தாள்கள். தாள் 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம். அந்தக் கணக்கில் ஏ5 தாள் ஒன்று ஏறத்தாழ இரண்டரை கிராம் என்பதால், அட்டையைச் சேர்க்காமலேயே ஏடு அரைக் கிலோவைத் தொடுகிறது. மேசையில் கிடக்கும் வரை இது பொருட்டில்லை. மடிக்கணினியோடு சேர்த்துத் தோளில் சுமந்து நாளுக்கு மூன்று வாடிக்கையாளர்களைப் பார்ப்பவர்களுக்குப் பொருட்டுதான்.

தாள் தொழிலோடு தொடர்புடையவன் என்பதால் இன்னும் இரண்டு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டும். 80 ஜிஎஸ்எம் தாளில் பந்துமுனைப் பேனாவும் பென்சிலும் நன்றாகவே எழுதுகின்றன. மைப் பேனாவால் எழுதினால் மறுபக்கத்தில் நிழல் தட்டுகிறது, அழுத்தமாகக் கோடிட்டால் சில இடங்களில் மை ஊடுருவியும் விடுகிறது. நாளுக்கு ஒரு பக்கம் தர வேண்டும், ஏடும் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்றால் தாளை இதைவிடக் கனமாக்க வழியில்லை. ஆகவே இதை நான் குறையாகக் கொள்ளவில்லை. கட்டுமானம் பாராட்டத்தக்கது. தாள்களை 16 பக்கத் தொகுதிகளாக மடித்து நூலால் தைத்திருப்பதால், எந்தப் பக்கத்தில் விரித்தாலும் ஏடு கையை எடுத்தவுடன் மூடிக்கொள்ளாமல் தட்டையாகக் கிடக்கிறது. பசையால் மட்டும் ஒட்டப்பட்ட ஏடாக இருந்தால், பதினைந்து மாதம் நாள்தோறும் விரித்த விரிப்புக்கு முதுகு விரிசல் விட்டுத் தாள்கள் கழன்றிருக்கும். வாங்கப் போகிறவர்கள் ஏட்டின் நடுப்பக்கங்களைப் புரட்டி, மடிப்பின் குழியில் நூல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

உள்ளே முதல் 35 பக்கங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஐந்தாண்டுக் கனவு எழுத ஒரு பக்கம், “என் பலம், என் பலவீனம்” என்று ஒரு பக்கம், மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நாள்காட்டிகள், பழக்கங்களைக் குறிக்கக் கட்டங்கள். ஐந்தாண்டுக் கனவை முதல் நாள் இரவே உற்சாகமாக நிரப்பினேன். பிறகு ஒருமுறைகூட அந்தப் பக்கத்துக்குத் திரும்பவில்லை. ஏட்டை முடித்தபோது எடுத்துப் படித்தேன். அதில் எழுதியிருந்ததில் பாதி என் கனவே அன்று, மற்றவர்கள் மேடையில் சொல்லிக் கேட்டது.

பழக்கக் கட்டங்கள் மட்டும் சற்று நின்று பேச வேண்டியவை, ஏனென்றால் அவை தவறான கணக்கின் மேல் அமைந்தவை. ஒவ்வொரு பழக்கத்துக்கும் 21 கட்டங்கள். 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று மேலே ஒரு வரி. பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவர், முகத்தோற்றம் மாறிய தம் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அந்தக் “குறைந்தது” வழியில் எங்கோ உதிர்ந்துபோய், எண் மட்டும் எல்லா நாட்குறிப்பேடுகளிலும் குடியேறிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் படிய எடுத்த காலத்தின் இடைநிலை மதிப்பு 66 நாள். ஆளையும் செயலையும் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை அது விரிந்தது; பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிய எண்கள் கவனித்த போக்கிலிருந்து கணித்தவை. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. இந்த ஏடோ ஒரு நாள் தவறினால் முதல் கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கச் சொல்கிறது. காலையில் எழுந்ததும் பாக்கிப் பட்டியலைப் பார்ப்பது என்ற பழக்கத்தை மூன்று முறை முதலிலிருந்து தொடங்கி, மூன்றாம் முறை சலித்துக் கட்டங்களையே கைவிட்டேன். பழக்கம் என்னவோ நான்காம் மாதம் தானாக வந்து சேர்ந்தது.

இனி நாள் பக்கம். உச்சியில் ஊக்க வாசகம் ஒன்று. 365 பக்கங்களுக்கும் 365 வாசகங்கள். வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடித்த நாளில் “தோல்வி உன் ஆசிரியர்” என்ற வரியைப் பார்க்கும்போது வரும் எரிச்சலை இங்கே விவரிக்கத் தேவையில்லை. அதன் கீழே, அன்றைய மூன்று முக்கிய வேலைகளுக்கு இடம். அதற்குக் கீழே பன்னிரண்டு வரிப் பட்டியல். அடியில் “இன்று நான் சாதித்தவை” என்று ஒரு பெட்டி. பட்டியலின் வலது ஓரத்தில், ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத இரண்டு பத்திகள், மெல்லிய சாம்பல் எழுத்தில் “எதிர்பார்ப்பு”, “ஆனது” என்ற தலைப்புகளோடு இருக்கின்றன. ஏட்டின் தொடக்கத்தில் உள்ள நான்கு பக்க விளக்கக் குறிப்பில் இவற்றுக்கு ஒரே ஒரு வரிதான். தயாரித்தவர்களே இவற்றைப் பெரிதாக எண்ணவில்லை என்று தெரிகிறது. நான் கொடுத்த பணத்தில் முக்கால்வாசி இந்த இரண்டு பத்திகளுக்குத்தான் என்பேன்.

செய்முறை எளியது. வேலையைத் தொடங்கும் முன் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முதல் பத்தியில் எழுத வேண்டும். முடித்ததும் உண்மையில் எவ்வளவு பிடித்தது என்று இரண்டாம் பத்தியில் எழுத வேண்டும். முதல் வாரமே கசந்தது. இரண்டு மணி நேரம் என்று எழுதிய லேபிள் திருத்தம் ஐந்து மணி நேரம் எடுத்திருந்தது. அரை மணி நேரம் என்று எழுதிய விலைப்புள்ளி, பழைய கோப்பைத் தேடியதையும் அச்சகத்தாரிடம் தாள் விலை கேட்டுக் காத்திருந்ததையும் சேர்த்து ஒரு முழு முற்பகலை விழுங்கியிருந்தது. அன்று என்னவோ அப்படி ஆகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் வாரத்தில் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டியபோது, எல்லா நாளும் என்னவோ அப்படித்தான் ஆகியிருந்தது.

இது என் ஒருவனுடைய நோயன்று என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் திட்டமிடல் மயக்கம் என்று சொல்லலாம். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் ஏறத்தாழ 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு வந்த பதில் ஏறத்தாழ 49. உண்மையில் எடுத்தது 55 நாளுக்கும் மேல். அதாவது அவர்கள் கற்பனை செய்த மிக மோசமான நிலைகூட நடந்ததைவிட நல்லதாக இருந்தது. இதில் என்னை உறுத்தியது என்னவென்றால், முன்பு எடுத்துக்கொண்ட வேலைகள் இழுபட்ட கதை நமக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த வேலையைக் கணிக்கும்போது அந்தக் கதையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இம்முறை வேறு என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சாம்பல் நிறப் பத்தி செய்ததெல்லாம், தனியே எடுத்து வைக்க முடியாதபடி பழைய கதையை நேற்றைய பக்கத்திலேயே என் கையெழுத்தில் வைத்திருந்ததுதான்.

விளைவு பணப்பெட்டியில் தெரிந்தது. புதிய வேலைக்கு விலை சொல்லும்போது, நான் நினைத்த மணி நேரத்தை விட்டுவிட்டு, அதே மாதிரியான கடைசி ஐந்து வேலைகளின் “ஆனது” பத்தியைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன். பழைய வாடிக்கையாளர் ஒருவர், “என்ன தம்பி, ஒரு லேபிளுக்குப் போய்ப் பத்து நாளா?” என்று கேட்டார். முன்பாக இருந்தால் ஐந்து நாள் என்று இறங்கியிருப்பேன், ஏழாம் நாள் தொலைபேசியை எடுக்காமல் ஒளிந்திருப்பேன். “ஐயா, போன முறை ஐந்து நாள் என்று சொல்லி உங்களைப் பன்னிரண்டு நாள் காக்க வைத்தேன். இம்முறை பத்து என்றால் பத்து” என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார். ஒன்பதாம் நாள் கொடுத்தோம். எல்லாரும் அப்படிச் சிரிக்கவில்லை. இரண்டு பேர் வேறிடம் போனார்கள். போனவர்களுடைய பழைய வேலைகளை ஏட்டில் தேடிக் கணக்குப் பார்த்தபோது, அவர்களிடம் வாங்கிய தொகை எங்கள் உழைப்பு நேரத்தில் பாதிக்குக்கூடக் கட்டுபடியாகவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பின் அந்த வருத்தம் நீடிக்கவில்லை.

தாள் ஏட்டுக்கே உரிய இன்னொரு குணமும் உண்டு. கைபேசிச் செயலியில் முடிக்காத வேலை நள்ளிரவில் தானாக மறுநாளுக்கு நகர்ந்துவிடும். நம் கையில் அழுக்குப் படுவதில்லை. இங்கே அதை மறுபடி எழுத வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்கு நாங்கள் அனுப்பிய அச்சுக்கோப்பில் எடை தவறாக இருந்ததை அவரிடம் சொல்ல வேண்டிய தொலைபேசி அழைப்பை நான் எட்டு நாள் தொடர்ந்து மறுநாள் பக்கத்துக்கு மாற்றி எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் முறை அதே பெயரை எழுதும்போது, எழுதும் வெட்கம் பேசும் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. பேனாவை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன். அழைப்பு நான்கு நிமிடம். “எதிர்பார்ப்பு” பத்தியில் ஒரு மணி நேரம் என்று இருந்தது. வேலையைக் குறைத்து மதிப்பிடுகிற நான், சங்கடத்தை மட்டும் கூட்டி மதிப்பிடுகிறேன் என்பது அந்த ஒரு வரியில்தான் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. பிறகு பார்த்தால், பாக்கி கேட்கும் அழைப்புகள், வேண்டாம் என்று சொல்லும் மின்னஞ்சல்கள், நண்பரோடு பங்கு பற்றிய பேச்சு எல்லாவற்றிலும் அதே கதைதான்.

பணக் கணக்குக்கு இந்த ஏட்டில் தனி இடம் இல்லை. இதைப் பெரிய குறையாகவே எண்ணுகிறேன். தொழில்முனைவோருக்கான ஏடு என்று சொல்லிவிட்டு, கனவுக்குப் பக்கம் ஒதுக்கிய இடத்தில் வரவு செலவுக்கு நான்கு வரி ஒதுக்கியிருக்கலாம். 1494-இல் வெனிஸில் அச்சான தம் நூலில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்றாகவும் வரவாகவும் இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை விளக்கிய இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி, வணிகருக்கு மூன்று ஏடுகள் வேண்டும் என்கிறார்: நடந்ததை நடந்தபடியே கிறுக்கி வைக்கும் சிட்டை, அதைப் பற்று வரவாகப் பிரித்து எழுதும் குறிப்பேடு, அதிலிருந்து இனம் பிரித்து ஏற்றும் பேரேடு. பின்னிரண்டின் வேலையை இன்று மென்பொருள் செய்துவிடுகிறது. முதலாவதுதான் நம்மிடம் இல்லை. நடந்ததை அன்றே எழுதி வைக்காததால்தான் மாதக் கடைசியில் ரசீதுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இது எதற்கு வாங்கினோம் என்று விழிக்கிறோம். நான் முக்கிய வேலைகளுக்கு விட்டிருந்த மூன்று வரிகளில் மூன்றாவதைக் கைப்பற்றிச் சிட்டையாக்கிக்கொண்டேன். பின்னட்டை உறையில் ரசீதுகளைப் போட்டு வைக்கும் வசதி நன்று. ஆனால் வெப்பத்தால் அச்சாகும் ரசீதுகளில் மை கிடையாது, தாளின் பூச்சுதான் நிறம் மாறியிருக்கும் என்பதால், சில மாதங்களில் எழுத்து மங்கிவிடுகிறது. தொகையையும் எண்ணையும் அன்றைய பக்கத்தில் எழுதியிருந்தது ஒருமுறை கணக்காளரிடம் என்னைக் காப்பாற்றியது.

பக்கத்தின் அடியில் உள்ள “இன்று நான் சாதித்தவை” பெட்டியையும் வேறு வேலைக்குத் திருப்பினேன். படுக்கும் முன் அதை நிரப்பச் சொல்கிறது விளக்கக் குறிப்பு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்து, ஒரு பிரிவினரை முடித்த வேலைகளையும் இன்னொரு பிரிவினரை வரும் நாள்களில் செய்ய வேண்டியவற்றையும் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது. சாதனைகளை எழுத உட்கார்ந்த இரவுகளில், அன்று செய்யாமல் விட்டவைதாம் தலைக்குள் சுற்றின. பெட்டியின் தலைப்பை அடித்துவிட்டு “நாளை” என்று எழுதிக்கொண்ட பிறகு, நள்ளிரவில் எழுந்து கைபேசியில் நினைவூட்டல் வைக்கும் வழக்கம் நின்றது.

பக்கங்களில் தேதி அச்சிடப்படவில்லை. நாமே எழுதிக்கொள்ள வேண்டும். இதை முதலில் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன், பிறகு கருணை என்று தெரிந்தது. ஏறத்தாழ 455 நாளில் 365 பக்கம் எழுதியிருக்கிறேன் என்றால், 90 நாள் எழுதவில்லை என்று பொருள். காய்ச்சலில் கிடந்த நாள்கள், ஓய்வு நாள்கள், எதுவும் பிடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த ஒரு முழு வாரம் எல்லாம் அதில் அடங்கும். தேதியிட்ட ஏடாக இருந்தால் அந்த 90 வெற்றுப் பக்கங்களும் வரிசையாக முறைத்திருக்கும், நான் நான்காம் மாதமே ஏட்டைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

மாத நாள்காட்டிகளை முன்னால் ஒரே இடத்தில் குவித்திருப்பது மோசமான முடிவு. நாள் பக்கத்தில் ஆழ்ந்திருப்பவன் 200 பக்கம் பின்னால் புரட்டி மாதத்தைப் பார்ப்பதில்லை. அச்சகத்துக்குக் கோப்பு அனுப்ப வேண்டிய கெடு ஒன்று நாள்காட்டியில் பத்திரமாக எழுதப்பட்டிருந்தும் கண்ணில் படாமல் தவறியது; அந்தத் தவறுக்கு நாங்கள் கையிலிருந்து பணம் கட்டினோம். இரண்டு அடையாள நாடாக்கள் இருந்திருந்தால் ஒன்றை மாதத்தில், ஒன்றை நாளில் போட்டிருக்கலாம். இருந்த ஒரு நாடாவும் ஐந்தாம் மாதத்தில் நுனி பிரிந்து, எட்டாம் மாதத்தில் கழன்றுவிட்டது. தேடும் வசதி இல்லை, பிரதி இல்லை, தொலைந்தால் தொலைந்ததுதான் என்பவை எந்தத் தாள் ஏட்டுக்கும் உள்ள குறைகள். வாரம் ஒருமுறை பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

சாதாரணக் கோடிட்ட ஏட்டைவிடப் பல மடங்கு விலை வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடுதல் விலை வாசகங்களுக்கும் கனவுப் பக்கங்களுக்கும் 21 கட்டங்களுக்கும் போகிறது. தையலுக்கும் அந்த இரண்டு பத்திகளுக்கும் கொஞ்சம். தொழில் தொடங்கி ஓராண்டுக்குள் இருப்பவர், நேரத்துக்கு விலை வைத்து வேலை செய்பவர், அன்றைய நாளை எங்கிருந்து பிடிப்பது என்று தெரியாமல் திணறுபவர் வாங்கலாம். அமைப்பு கையில் வரும் வரை அச்சிட்ட கட்டங்கள் துணை. கடை வைத்திருப்பவருக்கும் சரக்கு வாங்கி விற்பவருக்கும் இது உதவாது. அவர்களுக்கு வேண்டியது சரக்கிருப்புப் பக்கம், அது இதில் இல்லை. ஐந்துக்கு மூன்று புள்ளி தருவேன்.

இரண்டாவது ஏட்டைத் தொடங்கிவிட்டேன். நூலால் தைத்த, எதுவும் அச்சிடாத சாதாரணக் கோடிட்ட ஏடு. ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் அளவுகோல் வைத்து இரண்டு கோடு போட்டுக்கொள்கிறேன். இம்முறை பத்திகளைச் சற்று அகலமாகவே விட்டிருக்கிறேன், எண்ணுக்குப் பக்கத்தில் ஏன் என்று ஒரு சொல் எழுத இடம் வேண்டும் என்பதற்காக.